என்ரான் வேண்டாமென்ற குழாய்கள்: வாசகர் கேள்வி பதில்

என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி கம்பெனியின் திவாலைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோது, அங்கே பிரெசிடென்டாக இருந்து 1996 கடைசியில் வெளியேறிய ரிச்சர்ட் கிண்டர் என்பவரைப் பற்றியும் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். கட்டுரையில் மற்றதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, வந்த கடிதங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அவரும், எண்ணெயும் எரிவாயுவும் கொண்டுபோகும் அவருடைய பைப்லைன்களும்தான்.

கேள்வி: கிண்டர் யார்? பரம்பரைப் பணக்காரரா, இல்லை கீழிருந்து வந்தவரா? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பரம்பரைப் பணமெல்லாம் இல்லை. 1944-இல் பிறந்தவர். மிசௌரி மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள கேப் ஜிரார்டோ என்ற ஊர்க்காரர். மிசௌரி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1968-இல் பட்டம் வாங்கினார். அப்புறம் ராணுவத்தில் சேர்ந்து வியட்நாம் போனார். திரும்பி வந்து சொந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டே ரியல் எஸ்டேட்டில் இறங்கினார், அது காலை வாரிவிட்டது, சொந்தப் பேரில் மஞ்சள் கடுதாசி கொடுக்கும் அளவுக்குப் போனது. பின்னாளில் கடன், ரொக்கம் என்று வந்தால் இவர் எவ்வளவு கறாராக இருந்தார் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் திவால்தான் ஞாபகம் வரும்.

பிறகு எரிவாயு பைப்லைன் நடத்திவந்த ஃபுளோரிடா கேஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். என்ரானின் தலைவராகப் பின்னாளில் பேரும் பழியும் வாங்கிய கென் லே அங்கேதான் இருந்தார், இருவருக்கும் மிசௌரி பல்கலைக்கழக நாள்களிலேயே பழக்கம். ஃபுளோரிடா கேஸ் ஹூஸ்டன் நேச்சுரல் கேஸுக்குக் கைமாறியது, 1985-இல் அது இன்டர்நார்த் என்ற நெப்ராஸ்கா கம்பெனியோடு இணைந்தது, அந்த இணைப்புக்குத்தான் 1986-இல் என்ரான் என்று பெயர் வைத்தார்கள். 1990-இல் கிண்டர் அதன் பிரெசிடென்ட் ஆனார். வெளியுலகத்துக்கு லே முகம், உள்ளே கம்பெனியை ஓட்டியது கிண்டர். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொரு பிரிவின் தலைவரையும் உட்காரவைத்து, போன தடவை நீ சொன்ன எண் என்ன, இப்போது காட்டும் எண் என்ன என்று குடைவார், ஒப்புக்குச் சொல்லும் பதில் அவரிடம் எடுபடாது. 1990-இல் 20 கோடி டாலர் அளவில் இருந்த என்ரானின் நிகர லாபம் 1996-இல் 58 கோடியைத் தாண்டியது. அந்த ஆறு வருடமும் செயல் பொறுப்பு அவர் கையில்.

கேள்வி: அவ்வளவு செல்வாக்கு இருந்தவர் ஏன் வெளியே போனார்? கம்பெனி கவிழப்போகிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டாரா? (வங்கி ஊழியர்)

இதை நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள், கதைக்கு அதுதான் ருசியும். ஆனால் நடந்தது வேறு. லே தலைமைப் பதவியிலிருந்து விலகி, அந்த நாற்காலி கிண்டருக்கு வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். லே விலகவில்லை, இயக்குநர் குழுவும் அவரையே தொடரச் சொன்னது. கிண்டர் 1996 முடிவில் விலகினார், அவர் இடத்துக்கு ஜெஃப் ஸ்கில்லிங் வந்தார். 2001 டிசம்பரில் என்ரான் திவால் மனு கொடுத்தது. பதவி கிடைக்காமல் வெளியே வந்தவரைத் தீர்க்கதரிசி ஆக்குவது நியாயமில்லை. கேட்ட நாற்காலி கிடைத்திருந்தால் அவர் என்ரானில்தான் இருந்திருப்பார், என்ரானும் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று என்ரானின் ஊரான ஹூஸ்டனில் இன்றும் சொல்பவர்கள் உண்டு.

என்னைப் பொறுத்தவரை அவர் எப்போது போனார் என்பது பெரிய விஷயமில்லை, போகும்போது எதை எடுத்துக்கொண்டு போனார் என்று பாருங்கள். ஸ்கில்லிங்குக்குக் குழாய், இரும்பு, கான்கிரீட் இதெல்லாம் முதலை முடக்கிப்போடும் பாரம். எரிவாயுவையும் மின்சாரத்தையும் வாங்கி விற்கும் வர்த்தகத்தில்தான் எதிர்காலம் என்பது அவர் கொள்கை. என்ரானிடம் என்ரான் லிக்விட்ஸ் பைப்லைன் என்று ஒரு சின்னக் கூட்டாண்மை நிறுவனம் இருந்தது, கன்சாஸிலிருந்து சிகாகோ பக்கம் புரோப்பேன் போன்ற எரிவாயு திரவங்களைக் கொண்டுபோகும் லைன், ஒரு நிலக்கரி டெர்மினல், இப்படிச் சில்லறைச் சொத்துகள். அதை நிர்வகிக்கும் உரிமையை 1997 தொடக்கத்தில் சுமார் 4 கோடி டாலருக்கு கிண்டரும், அவரோடு சட்டம் படித்த பில் மார்கனும் வாங்கினார்கள். கிண்டர் மார்கன் என்ற பெயர் அப்படி வந்தது. என்ரான் அந்த விற்பனையை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

இன்று அந்தக் கம்பெனிக்குச் சுமார் 79,000 மைல் நீளத்துக்கு பைப்லைன் இருக்கிறது, சிலவற்றில் முழு உரிமை, சிலவற்றில் பங்கு. அமெரிக்கா பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 40 சதவீதம் அதன் குழாய்களைத் தொட்டுத்தான் போகிறது.

கேள்வி: குழாய் போட்டு வாடகை வாங்குவதில் அப்படி என்ன லாபம்? எண்ணெய் விலை விழுந்தால் இவர்களும் விழ வேண்டியதுதானே? (கணக்காளர்)

நல்ல கேள்வி, கிண்டரின் மொத்த வியாபாரமும் இதற்குள்தான் இருக்கிறது. உள்ளே ஓடும் பொருள் பெரும்பாலும் பைப்லைன்காரருடையது இல்லை. சுங்கச்சாவடி மாதிரி, போகிற லாரியில் தங்கம் இருந்தாலும் தவிடு இருந்தாலும் கட்டணம் ஒன்றுதான், கிண்டரே பேட்டிகளில் சொல்லும் உதாரணம் இது. அனுப்புகிற கம்பெனிகள் பத்து, பதினைந்து வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கொள்ளளவை முன்பதிவு செய்கின்றன, எரிவாயு லைன்களில் பல ஒப்பந்தங்கள் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் பணம் கட்டியே ஆகவேண்டும் என்ற வகை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் லைன்களின் கட்டணத்தை ஃபெர்க் என்ற கூட்டாட்சி ஆணையம் கண்காணிக்கிறது, அதனால் நினைத்தபடி ஏற்றவும் முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு தடவை கூர்ந்து பார்த்தால் இதை வெறும் வாடகை என்று சொல்லத் தோன்றாது. 1998-இல் கிண்டர் மார்கன் வாங்கிய சான்டா ஃபே பசிபிக் பைப்லைன்ஸ்தான் அதன் முதல் பெரிய பாய்ச்சல், கலிபோர்னியா, அரிசோனா பக்கம் பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் மூன்றையும் கொண்டுபோகும் லைன்கள். ஒரே குழாய், ஒன்றன் பின் ஒன்றாக அனுப்புகிறார்கள், பெரும்பாலும் நடுவில் தடுப்பு எதுவும் கிடையாது. நடந்துபோகும் வேகத்தில்தான், மிஞ்சினால் ஓட்டமும் நடையுமாக நகர்கிறது. பெட்ரோல் முடிந்து டீசல் தொடங்கும் இடத்தில் இரண்டும் கொஞ்சம் கலக்கும். கன்ட்ரோல் ரூமில் இருப்பவர் திரவத்தின் அடர்த்தி எப்போது மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து, அந்தக் கலப்பு டெர்மினலுக்கு வரும் நேரத்தில் வால்வைத் திருப்பித் தனித் தொட்டிக்கு அனுப்பவேண்டும். தாமதித்தால் நல்ல சரக்கு கெடும், அவசரப்பட்டால் நல்ல சரக்கு கலப்புத் தொட்டிக்குப் போகும். இதை ராத்திரி பகலாக, தப்பில்லாமல், செலவு ஏறாமல் செய்யத் தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கட்டணத்தில் லாபம் நிற்கும். கிண்டர் செலவில் காட்டிய கறாரை நான் கஞ்சத்தனம் என்று நினைக்காததற்கு இதுதான் காரணம். கட்டணத்தை நீ ஏற்ற முடியாது என்றால் செலவைத்தான் பிடிக்கவேண்டும். கம்பெனிக்கு விமானம் கிடையாது, வாடிக்கையாளரைக் குளிரவைக்க விளையாட்டு மைதானத்தில் தனி அறை கிடையாது என்று வைத்திருந்தார்.

கேள்வி: வருடத்துக்கு ஒரே ஒரு டாலர் சம்பளம் வாங்கினாராமே, உண்மையா? (இல்லத்தரசி ஒருவர்)

உண்மை. போனஸும் இல்லை, பங்கு ஒதுக்கீடும் இல்லை. ஆனால் இதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனியின் பங்குகளில் கணிசமான பகுதி அவர் பெயரில், டிவிடெண்டாக, அதாவது லாபத்தில் பங்காக, வருவது ஆண்டுக்குப் பல கோடி டாலர். பங்குதாரருக்கு வந்தால்தான் எனக்கும் வரும் என்று தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டார், அதை நான் மதிக்கிறேன். கம்பெனி நஷ்டப்படும்போதும் சம்பளத்தைக் கூட்டிக்கொள்ளும் தலைவர்களைவிட இது எவ்வளவோ நேர்மை.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம் உண்டு. 1987-க்குப் பிறகு அமெரிக்க வரிச் சட்டத்தில், வருமானத்தில் 90 சதவீதம் எண்ணெய், எரிவாயு போக்குவரத்து போன்ற குறிப்பிட்ட தொழில்களிலிருந்து வந்தால், பங்குச் சந்தையில் இருக்கும் கூட்டாண்மை நிறுவனம் கம்பெனி வரி கட்ட வேண்டியதில்லை. வரும் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துவிடலாம். பிரிக்கும் தொகை கூடக்கூட, அந்தக் கூடுதலில் நிர்வகிக்கும் பங்காளிக்குப் பாதி வரை போகும்படி ஒரு ஏற்பாடும் உண்டு. 4 கோடி டாலருக்கு கிண்டர் வாங்கியது அந்த நிர்வாகப் பங்காளி இடத்தைத்தான்! குழாயை நம்பியதில் மட்டுமில்லை, அந்த இடத்தின் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்ததிலும் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. வக்கீல் படிப்பு வீண்போகவில்லை.

கேள்வி: எப்போதும் ஜெயித்தவர் போலவே எழுதுகிறீர்கள். சறுக்கியதே இல்லையா? (பங்குச் சந்தை முதலீட்டாளர்)

சறுக்கியிருக்கிறார், பலமாக. முதலில் அவர் எவ்வளவு உயரம் ஏறினார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999-இல் கே.என். எனர்ஜி என்ற எரிவாயு கம்பெனியோடு இணைப்பு, 2007-இல் சுமார் 2,200 கோடி டாலர் மதிப்பில் முதலீட்டு நிறுவனங்களோடு சேர்ந்து கம்பெனியைப் பங்குச் சந்தையிலிருந்து வெளியே எடுத்தது, 2011 பிப்ரவரியில் மறுபடி பங்கு வெளியிட்டு 290 கோடி டாலர் திரட்டியது, அதே வருடக் கடைசியில் எல் பாசோ என்ற எரிவாயு பைப்லைன் கம்பெனியைக் கடனோடு சேர்த்து 3,800 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. நாட்டின் மிகப் பெரிய எரிவாயு பைப்லைன் வலையமைப்பு அதோடு அவர் கைக்கு வந்தது.

சறுக்கல் 2015-இல். வருடத் தொடக்கத்தில் 40 டாலருக்கு மேல் விற்ற பங்கு, எண்ணெய் விலை சரிந்துகொண்டிருந்த அந்த டிசம்பரில் 15 டாலர் பக்கம் வந்துவிட்டது. நான் முன்னால் சொன்ன சுங்கச்சாவடி கணக்குப்படி இது நடந்திருக்கக் கூடாது, கட்டண வருமானம் அப்படியொன்றும் விழவில்லை. சிக்கல் வேறு இடத்தில். கையில் வரும் காசையெல்லாம் டிவிடெண்டாகக் கொடுத்துவிட்டு, புதுக் குழாய் போடக் கடன் வாங்கியும் புதுப் பங்கு விற்றும் ஓட்டுவதுதான் இந்தத் தொழிலின் அன்றைய வழக்கம். பங்கு விலை விழுந்ததும் புதுப் பங்கு விற்க முடியவில்லை, கடன் தரத்தைக் குறைத்துவிடுவோம் என்று, கம்பெனிகளின் கடனடைக்கும் திறனை மதிப்பிடும் மூடிஸ் நிறுவனம் எச்சரித்தது. டிசம்பர் 8 அன்று காலாண்டு டிவிடெண்டை 51 சென்ட்டிலிருந்து 12.5 சென்ட்டாக, அதாவது முக்கால் பங்கு வெட்டினார்கள். டிவிடெண்ட் ஏறிக்கொண்டே போகும் என்று கம்பெனி திரும்பத் திரும்பச் சொன்னதை நம்பி ஓய்வூதியக் காசைப் போட்டவர்களுக்கு அது பெரிய அடி. அவர்கள் கோபம் நியாயமானது. வெட்டியது சரியான முடிவு, அவ்வளவு தூரம் வாக்குக் கொடுத்ததுதான் தப்பு. அதற்குப் பிறகு புதுக் குழாய்க்கான பணத்தைக் கையிலிருக்கும் வருமானத்திலிருந்தே எடுப்பது என்று மாற்றிக்கொண்டார்கள்.

இன்னொன்று, ராக்கீஸ் எக்ஸ்பிரஸ். கொலராடோவிலிருந்து ஒஹையோ வரை 1,679 மைல், கூட்டு முயற்சியாகப் போட்ட எரிவாயு லைன், 2009 நவம்பரில் முடிந்தது. மேற்கே மலிவாகத் தேங்கிக் கிடக்கும் எரிவாயுவை, கிராக்கி உள்ள கிழக்குக்குக் கொண்டுபோவது திட்டம். முடித்த கையோடு கிழக்கிலேயே, பென்சில்வேனியாவின் மார்செல்லஸ் பாறைகளிலிருந்து எரிவாயு கொட்ட ஆரம்பித்துவிட்டது! மேற்கத்திச் சரக்கை அங்கே கேட்பாரில்லை. நீண்டகால ஒப்பந்தங்கள் இருந்ததால் லைன் தப்பித்தது, பின்னாளில் அதன் கிழக்குப் பகுதியில் ஓட்டத்தையே திருப்பிக் கிழக்கிலிருந்து மேற்கே அனுப்பத் தொடங்கினார்கள். அதற்குள் கிண்டர் மார்கன் தன் பங்கை விற்றிருந்தது, எல் பாசோவை வாங்க அனுமதிப்பதற்கு அரசு போட்ட நிபந்தனை அது. பல நூறு கோடி டாலர் மண்ணுக்கடியில் போட்டபின் பூகோளமே மாறிப்போகலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் நிஜமான ஆபத்து.

கேள்வி: கனடா அரசு இவரிடமிருந்து ஒரு பைப்லைனை வாங்கியதே, அதில் யார் தலையில் யார் கட்டினார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

டிரான்ஸ் மவுன்டன் லைனைச் சொல்கிறீர்கள். எட்மன்டனிலிருந்து வான்கூவர் பக்கத்திலுள்ள பர்னபி துறைமுகம் வரை 1,150 கிலோமீட்டர், 1953-லிருந்து ஓடுகிறது. டெராசன் என்ற கம்பெனியை 2005-இல் வாங்கியபோது அதோடு சேர்ந்து கிண்டர் மார்கனிடம் வந்தது. ஒரு நாளைக்கு 3 லட்சம் பீப்பாய் என்பதை 8,90,000 பீப்பாய் ஆக்கும் விரிவாக்கத் திட்டத்துக்குப் பழங்குடி மக்களில் பலரும், பிரிட்டிஷ் கொலம்பியா மாநில அரசும், பர்னபி நகரமும் கடும் எதிர்ப்பு. 2018 ஏப்ரலில் கம்பெனி, அத்தியாவசியமில்லாத செலவை நிறுத்துகிறோம், மே 31-க்குள் தெளிவு வேண்டும் என்று கெடு வைத்தது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் கனடா அரசு 450 கோடி கனடிய டாலருக்கு வாங்கிக்கொள்வதாக அறிவித்தது.

ஆகஸ்ட் 30 அன்று காலையில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் விரிவாக்க அனுமதியை ரத்து செய்தது, பழங்குடியினரோடு செய்த ஆலோசனை போதாது, கப்பல் போக்குவரத்தின் விளைவுகளைச் சரியாக ஆராயவில்லை என்று. அதே நாளில் கம்பெனியின் கனடா கிளைப் பங்குதாரர்கள் விற்பனைக்கு ஏறக்குறைய ஒருமனதாக ஓட்டுப் போட்டார்கள். 740 கோடி என்று சொன்ன விரிவாக்கச் செலவு 3,400 கோடி கனடிய டாலர் அளவுக்குப் போய், 2024 மே மாதம்தான் எண்ணெய் ஓடத் தொடங்கியது. கிண்டர் மார்கன் யாரையும் ஏமாற்றவில்லை, இது எங்களால் தாங்கக்கூடிய ஆபத்தில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் விலகியது. அந்த ஆபத்தை வரி கட்டும் மக்கள் தலையில் ஏற்றியது அரசின் முடிவு. எதிர்த்த பழங்குடி மக்களுக்கு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனாலும் குழாய் ஒன்றுதான், அந்தக் குறையை இந்த விற்பனை தீர்க்கவேயில்லை.

கேள்வி: செலவைப் பிடிக்கிறேன் என்று பாதுகாப்பில் கை வைக்கமாட்டார்களா? (பைப்லைனுக்கு அருகில் குடியிருக்கும் வாசகர்)

உங்கள் பயம் அர்த்தமுள்ளது, மழுப்ப விரும்பவில்லை. 2004 நவம்பரில் கலிபோர்னியாவின் வால்நட் கிரீக்கில், குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய இயந்திரம் கிண்டர் மார்கனின் பெட்ரோல் லைனைக் குத்திவிட்டது. தீப்பிடித்து ஐந்து தொழிலாளிகள் இறந்தார்கள். அந்த இடத்தில் லைன் நேராகப் போகாமல் ஒரு மரத்தைச் சுற்றி வளைந்து போனது, அந்த வளைவைத் தரையில் சரியாகக் குறித்து வைக்கவில்லை என்று மாநில விசாரணையில் தெரிந்தது. தரையில் பெயின்ட் அடித்துக் குறிக்கும் வேலை, அவ்வளவுதான். அது விட்டுப்போனதில் ஐந்து குடும்பங்கள் குலைந்தன. கிண்டரின் சாதனைகளைப் பட்டியலிடும் எந்தக் கட்டுரையிலும் இதைப் பார்க்க முடியாது, பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பராமரிப்புக்குப் போதுமான அளவு செலவழிப்பதில்லை என்று 2013-இல் ஒரு பங்குச் சந்தை ஆய்வாளர் குற்றம் சாட்டியபோது கம்பெனி கடுமையாக மறுத்தது. குடியிருப்பவர் என்ற முறையில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் தோண்டுவதற்கு முன்னால் 811 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால், பூமிக்கடியில் இருக்கும் குழாய், கம்பி எல்லாவற்றையும் இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் அங்கே இதற்கு ஏற்பாடு உண்டா என்று விசாரித்து, குறிக்காமல் யாராவது தோண்டினால் உடனே தடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: இந்தத் தொழிலை முதலில் தொடங்கியவர் கிண்டரா? (பள்ளி மாணவி)

இல்லம்மா, அதற்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1865-இல் பென்சில்வேனியாவில் சாமுவேல் வான் சிக்கல் என்பவர் பிட்ஹோல் எண்ணெய் வயலிலிருந்து ரயில் பாதை வரை ஐந்து மைலுக்குக் கொஞ்சம் கூடுதலாக, இரண்டு அங்குல இரும்புக் குழாய் போட்டார். அதுவரை பீப்பாய்களைக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களுக்குப் பிழைப்பு போய்விடும் என்ற பயம், குழாயைப் பெயர்த்துப் போட்டார்கள், அவர் காவலுக்கு ஆள் வைத்தார். குழாய் வெற்றி, ஆனால் கடனில் அது அவர் கையைவிட்டுப் போய்விட்டது.

கேள்வி: கிண்டர் இப்போது என்ன செய்கிறார்? அவ்வளவு பணமும் யாருக்கு? (மூத்த வாசகர்)

2015-இல் தலைமைச் செயல் அதிகாரி பதவியை ஸ்டீவ் கீனிடம் கொடுத்துவிட்டுச் செயல் தலைவராக இருந்துகொண்டார். கீனுக்குப் பிறகு 2023-லிருந்து கிம் டாங் என்ற பெண்மணி அந்தப் பதவியில் இருக்கிறார், கம்பெனியின் நிதிப் பொறுப்பைப் பார்த்து வளர்ந்தவர்.

பணத்தைப் பொறுத்தவரை, சொத்தில் 95 சதவீதத்தை நற்காரியங்களுக்குக் கொடுப்பதாக அவரும் மனைவி நான்சியும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஹூஸ்டனுக்குள்ளேயே கொடுக்கிறார்கள். பஃபலோ பாயு ஓடைக்கரையைப் பூங்காவாக்க 3 கோடி டாலர், மெமோரியல் பார்க்குக்கு 7 கோடி, நுண்கலை அருங்காட்சியகத்தில் 2020-இல் திறந்த ஒரு கட்டடம் அவர்கள் பெயரில், 2025-இல் குழந்தைகள் புற்றுநோய் சிகிச்சை மையத்துக்கு 15 கோடி. பூங்காக்களுக்கு இவ்வளவு கொடுத்ததை நான் குறிப்பாகப் பாராட்டுவேன், காரும் கான்கிரீட்டுமாக வளர்ந்த அந்த ஊரில் ஓடைக்கரையோரம் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் மைல் கணக்கில் பாதை கிடைத்திருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது.